ராத்திரியில் தானாக நகரும் கோப்புகள்: எஸ்எஃப்டிபியும் ஆர்சிங்கும், சில வருட அனுபவம்

சர்வருக்கு சர்வர் ஆள் கை படாமல் கோப்பு போய்வர என்ன வழி என்று யார் கேட்டாலும், இன்றைக்கும் நான் சொல்வது ஓப்பன்எஸ்எஸ்எச் (இரு கணினிகள் ரகசியமாகப் பேச உதவும் எஸ்எஸ்எச் முறையின் இலவச மென்பொருள்; அதில் கோப்பு அனுப்பும் பகுதி எஸ்எஃப்டிபி), ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் மென்பொருள்), ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) இவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் இதை அமைக்க ஒரு மதியம் போதும், நம்பித் தூங்க ஒரு வருடம் ஆகும். என்க்ரிப்ஷன், அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைப்பது, தானாக நடந்துவிடுகிறது. கோப்பு முழுசாகப் போனதா, போகாவிட்டால் யாருக்குத் தெரியும் என்பதுதான் வருடக்கணக்கில் வேலை வைக்கிறது.

எங்கள் நிறுவனத்தில் மூன்று போக்குவரத்து. மும்பையில் உள்ள கிளவுட் சர்வரிலிருந்து டேட்டாபேஸ் பேக்கப்பும் ஸ்கேன் செய்த பில்களும் தினமும் ராத்திரி அலுவலக சர்வருக்கு வர வேண்டும். சம்பளம், சப்ளையர் பணம் ஆகியவற்றுக்கான கோப்பு வங்கியின் எஸ்எஃப்டிபி சர்வருக்குப் போக வேண்டும்; அதற்கான பதில் கோப்பை அங்கிருந்து எடுத்துவர வேண்டும். மூன்றாவது, வெளி நிறுவனங்கள் ஆர்டர் கோப்புகளை எங்கள் சர்வரில் வந்து போடுவது.

இந்த மூன்றாவதில் இன்னமும் எஃப்டிபி என்ற, என்க்ரிப்ஷன் இல்லாத பழைய முறையைக் கேட்பவர்கள் உண்டு. எஃப்டிபியின் முதல் வரைவை அபய் பூஷன் என்ற ஐஐடி கான்பூர் முன்னாள் மாணவர் 1971இல் எழுதினார். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களின் வலை அது. பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போனதில் ஆச்சரியமில்லை. 1995இல் ஹெல்சிங்கியில் பல்கலைக்கழக வலையில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுச் சேகரித்தபோதுதான் டாட்டு யலோனன் எஸ்எஸ்எச் எழுதினார். அதற்குப் பிறகு இத்தனை வருடம் கழித்தும் எஃப்டிபி கேட்டால் நான் மரியாதையாக மறுத்துவிடுவேன். எஃப்டிபிஎஸ் வேறு, அதில் என்க்ரிப்ஷன் உண்டு. ஆனால் கட்டளைக்கு ஒரு போர்ட், தரவுக்குப் போர்ட் வரிசை என்று ஃபயர்வாலில் பல கதவுகள் திறக்க வேண்டும். எஸ்எஃப்டிபிக்கு 22ஆம் போர்ட் ஒன்று போதும்.

முதல் முடிவு, யார் யாரை அழைப்பது என்பது. பேக்கப்பை மும்பை சர்வர் தள்ளுவதில்லை. அலுவலக சர்வர் போய் எடுத்துக்கொள்கிறது. மும்பை சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டாலும் அங்கிருந்து பேக்கப்பைத் தொட வழி இருக்கக் கூடாது. தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்காரர்கள் முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான். இன்னொரு லாபம், அலுவலக பிராட்பேண்டில் உள்ளே வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை.

அடுத்தது கீ, பாஸ்வேர்டுக்குப் பதிலாக உள்ளே விடும் சாவிக் கோப்பு. எட்25519 (Ed25519) வகைதான் எல்லாவற்றுக்கும் போடுகிறேன். 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எச் 6.5இல் வந்தது, சின்னது, வேகமானது. தானாக ஓடும் வேலை என்பதால் கீக்குப் பாஸ்ஃபிரேஸ் (கீயைத் திறக்கும் ரகசியச் சொல்) வைக்க முடியாது. அப்படியானால் அந்தக் கீ திருடு போனால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு எதிர்முனையில்தான் பதில் இருக்க வேண்டும். எந்தக் கீக்கு அனுமதி என்று அங்கே எழுதியிருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் கீக்கு முன்னால் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற ஒரு சொல் சேர்த்தால் போர்ட் ஃபார்வர்டிங் (அந்த இணைப்பு வழியாக வேறு சேவைகளை அடைவது), டெர்மினல் எல்லாம் போய்விடும். 'ஃப்ரம்' போட்டு அலுவலக ஐபியை மட்டும் அனுமதிக்கலாம் (நிலையான ஐபிக்கு இணைய நிறுவனம் தனிக் காசு கேட்கும், கொடுத்துவிடுங்கள்). 'கமாண்ட்' போட்டு ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓட விடலாம். ஆர்சிங்கோடு கூடவே வரும் ஆர்ஆர்சிங்க் என்ற ஸ்கிரிப்டை '-ro' ஆப்ஷனோடு அங்கே வைத்தால் குறிப்பிட்ட ஃபோல்டரைப் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. பால்காரரிடம் கேட் சாவியைக் கொடுக்கலாம், பீரோ சாவியைக் கொடுக்க மாட்டோமே. ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கீ. எல்லாவற்றுக்கும் ஒரே கீயை வைத்தால், ஒன்றை நிறுத்த வேண்டி வரும் நாளில் எல்லாம் நிற்கும்.

வெளியார் வந்து கோப்பு போடும் இடத்துக்கு ஷெல் (கட்டளை ஓட்டும் வசதி) கிடையாது. எஸ்எஸ்எச் சர்வருக்குள்ளேயே இருக்கும் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி, அதோடு யூசரை ஒரே ஃபோல்டருக்குள் பூட்டும் சிரூட். இங்கே புதியவர்கள் அரை நாள் தொலைப்பது ஒரே இடத்தில்தான்: சிரூட் ஃபோல்டரும் அதற்கு மேலே உள்ள ஃபோல்டர்களும் ரூட் என்ற முழு அதிகார யூசருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. யூசர் கோப்பு போடுவதற்கு உள்ளே தனியாக ஒரு துணை ஃபோல்டர். இது சரியில்லை என்றால் எதிர்முனைக்காரருக்கு இணைப்பு அறுந்தது என்று மட்டும் தெரியும். காரணம் நம் பக்க லாகில் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவில்) மட்டும் ஒரு வரியாக இருக்கும். அவர் ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருப்பார்.

சர்வர் தன்னை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் கீ விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. தானியங்கி ஸ்கிரிப்ட் 'இந்த சர்வரை நம்பலாமா' என்று கேட்டு நின்றுவிடுகிறது என்பதற்காக, இணையத்தில் உள்ள பாதி வழிகாட்டிகள் அந்தச் சோதனையையே அணைக்கச் சொல்கின்றன. அணைத்துவிட்டால் வங்கி என்று சொல்லிக்கொண்டு யார் வந்து நின்றாலும் சம்பளக் கோப்பைக் கொடுத்துவிடுவோம். நான் செய்வது: எதிர்முனைக் கீயின் சுருக்க அடையாளமான ஃபிங்கர்பிரிண்டை போனில் கேட்டுச் சரிபார்த்து, நம்பும் சர்வர்களின் பட்டியலான நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கையால் சேர்த்து, சோதனையைக் கண்டிப்பாக வைப்பது. பேட்ச்மோடையும் போட்டுவிடுகிறேன், எதையாவது கேட்டுக் காத்திருக்காமல் உடனே தோற்கட்டும். இதற்கு விலை உண்டு. வங்கி ஒருமுறை சொல்லாமல் சர்வரை மாற்றியது; சம்பள நாளில் வேலை நின்றது. கணக்குப் பிரிவில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஆனால் நின்றதுதான் சரி. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் கூட 2023 மார்ச்சில் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை அவசரமாக மாற்ற வேண்டியிருந்தது. அன்று உலகம் முழுக்க ஸ்கிரிப்டுகள் இப்படித்தான் நின்றன.

பழைய சர்வர்களோடு பேசுவது தனித் தலைவலி. 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, பலவீனமாகிவிட்ட எஸ்எச்ஏ-1 வைத்த ஆர்எஸ்ஏ (பழைய கீ வகை) கையொப்பத்தை ஏற்பதை நிறுத்தியது. நாங்கள் இந்த மாற்றத்தோடு வரும் லினக்ஸ் பதிப்பான உபுண்டு 22.04க்கு மாறியதும் ஒரு பழைய எதிர்முனை பேச மறுத்தது. அதைச் சரிசெய்ய ஒட்டுமொத்தமாகப் பழைய முறையைத் திறக்காதீர்கள். எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு கொடுத்து, பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் அந்த விலக்கு நிரந்தரம் ஆகிவிடும்.

சரி, இனி கோப்பு முழுசாகப் போவது. ஆர்சிங்க் இதில் நல்ல பிள்ளை: வேறு பெயரில் எழுதி, முடிந்த பிறகுதான் உண்மையான பெயருக்கு மாற்றும். எஸ்எஃப்டிபி அப்படிச் செய்யாது. நீங்கள் பாதி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே எதிர்முனையின் ஸ்கிரிப்ட் அதை எடுத்துப் படிக்கத் தொடங்கலாம். அதனால் தற்காலிகப் பெயரில் ஏற்றி, அளவைப் பார்த்து, அப்புறம் பெயர் மாற்றுகிறேன். சில இடங்களில் ஏற்றிய பிறகு பெயர் மாற்ற உரிமை தர மாட்டார்கள். அங்கே கோப்பைத் தொடர்ந்து அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணைச் சின்ன கோப்பாகப் போட்டு, 'இது வந்தால்தான் அதை எடு' என்று பேசி வைத்துக்கொள்வோம்.

ஆர்சிங்க் பற்றி இன்னும் கொஞ்சம். 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மக்கராஸும் கொண்டுவந்தது, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். ஆனால் டேட்டாபேஸ் பேக்கப்பை ஜிசிப்பால் சுருக்கிக் கொடுத்தால் அந்த வித்தை பலிக்காது. உள்ளே ஒரு வரி மாறினாலும் அதன் பிறகு உள்ள எல்லாம் மாறிவிடும். ஜிசிப்பில் ஆர்சிங்கபிள் என்ற ஆப்ஷன் இதற்காகவே இருக்கிறது, கோப்பு கொஞ்சம் பெருக்கும், அலுவலக இணைப்புக்கு அது லாபம்தான். மூலத்தில் இல்லாததை இங்கேயும் அழிக்கும் டெலீட் ஆப்ஷனை நான் பயன்படுத்துவதில்லை. மூலத்தில் டிஸ்க் மவுன்ட் ஆகாமல் (இணையாமல்) ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால், இந்தப் பக்கமும் விசுவாசமாகக் காலி செய்துவிடும். அதற்குப் பதில் லிங்க்-டெஸ்ட் ஆப்ஷன்: ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முழு ஃபோல்டர் போலத் தெரியும், மாறாத கோப்புகள் ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) என்பதால் இடம் எடுக்காது. போன செவ்வாய்க்கிழமை பில் எப்படி இருந்தது என்று கேட்டால் அந்த ஃபோல்டரைத் திறந்தால் போதும். அப்புறம், மூல ஃபோல்டர் பாதையின் கடைசியில் சாய்வுக்கோடு இருப்பதும் இல்லாததும் வேறு வேறு அர்த்தம். முதல்முறை எப்போதும் டிரை-ரன், எதையும் மாற்றாத ஒத்திகை.

குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுவது லினக்ஸின் பழைய வசதியான கிரானில் ஆரம்பித்தது, இப்போது புதிய வசதியான சிஸ்டம்டி டைமர். கிரான் கெட்டது என்பதில்லை. ஆனால் டெர்மினலில் ஓடிய கட்டளை சில சமயம் கிரானில் ஓடாது, ஏனென்றால் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலான பாத் அங்கே மிகச் சின்னது. வரியில் சதவீதக் குறி வந்தால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும், கோப்புப் பெயரில் தேதி வைப்பவர்கள் எல்லோரும் இதில் ஒருமுறை முட்டிக்கொள்வார்கள். டைமரில் பெர்சிஸ்டன்ட் போட்டால், மின்வெட்டில் சர்வர் அணைந்திருந்தாலும் எழுந்ததும் விட்ட வேலையைச் செய்யும். எங்கள் ஊரில் இந்த ஒரு வசதிக்காகவே மாறலாம். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி, டைமர் தவிர வேறெங்கிருந்தும் யாராவது கையால் ஓட்டினாலும் தடுக்க, எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளை வைத்திருக்கிறேன்.

கிளவுட் சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். அதிகாலை 2 மணிக்கு உருவாகும் கோப்புக்கு அங்கே முந்தைய நாள் இரவு 8.30, ஆகவே பெயரில் நேற்றைய தேதி விழும். வங்கி தேதியைப் பார்த்து நிராகரிக்கும். ஸ்கிரிப்டில் டைம்ஸோனை வெளிப்படையாக எழுதிவிடுவதே வழி.

இவ்வளவும் செய்த பிறகு எனக்கு மிகவும் உதவியது ஒரு வரி கர்ல், இணைய முகவரியை அழைக்கும் கட்டளை. தோற்றால் மெயில் அனுப்பு என்று எல்லோரும் வைப்பார்கள். வேலை ஓடவே இல்லை என்றால் மெயில் எங்கிருந்து வரும்? அதனால் தலைகீழாக: வேலை வெற்றியாக முடிந்தால் மட்டும் வெளியே உள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்குச் சொல்லும்; குறித்த நேரத்துக்குள் அந்தச் செய்தி வராவிட்டால் அது என் போனை அடிக்கும். கூடவே அலுவலக சர்வரில் தனியாக ஒரு சோதனை: கடைசியாக வந்த பேக்கப்புக்கு எத்தனை மணி நேர வயது, அளவு நேற்றையதைவிடத் திடீரென்று குறைந்திருக்கிறதா. டிஸ்க் நிறைந்து பேக்கப் பாதியில் வெட்டுப்பட்டபோது ஆர்சிங்க் அந்தப் பாதியை எந்தப் பிழையும் இல்லாமல் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது. அளவுச் சோதனைதான் பிடித்தது. ஆர்சிங்க் திருப்பித் தரும் எண்களில் 24 மட்டும் எங்களுக்குக் கவலை இல்லை. நகலெடுக்கும்போது ஏதோ ஒரு கோப்பு மறைந்தது என்று அர்த்தம். 23 வந்தால் எழுந்து பார்க்க வேண்டும்.

பராமரிப்பு என்று பார்த்தால் அப்டேட்தான். 2024 மார்ச்சில் கோப்பைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரல் நூலகத்தில் பின்வாசல் வைத்திருந்ததை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் கண்டுபிடித்தார். அது குறிவைத்தது எஸ்எஸ்எச் சர்வரை. அதே வருடம் ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே ரெக்ரெஷன் (regreSSHion) என்ற ஓட்டை. 2025 ஜனவரியில் ஆர்சிங்க் 3.4.0 ஆறு ஓட்டைகளை அடைத்தது. அதில் மோசமானது ஆர்சிங்க் தனி சர்வராக ஓடும் முறையில் இருந்தது, நாங்கள் எஸ்எஸ்எச் வழியாக மட்டும் ஓட்டுவதால் அந்தப் போர்ட்டே திறந்ததில்லை. பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக ஏறும்படி வைத்திருக்கிறேன். லாகை 180 நாள் வைக்கிறோம், 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவு அப்படி.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் திரை அழகு, யார் எதை எப்போது அனுப்பினார் என்ற அறிக்கை அழகு, ஆடிட்டர்களுக்குப் பிடிக்கும். கூட்டாளிகள் நூறு பேர் என்றால் நானும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்காதீர்கள். 2023இல் மூவிட் டிரான்ஸ்ஃபர் என்ற அப்படியொரு மென்பொருளில் ஒரு எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (டேட்டாபேஸுக்குத் திருட்டுக் கட்டளை நுழைக்கும் ஓட்டை) வழியாகக் க்ளாப் என்ற ரான்சம்வேர் கும்பல் எத்தனையோ நிறுவனங்களின் தரவை அள்ளியது. அதே வருடத் தொடக்கத்தில் கோஎனிவேர் என்ற இன்னொன்றிலும் வேறோர் ஓட்டை வழியாக அதே கும்பல்.

எனக்கு இன்னும் பிடிபடாதது கீ மாற்றுவதுதான். சொந்த சர்வர்களில் புதுக் கீயைச் சேர்த்து, பழையதும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று விட்டு, லாகில் பழைய ஃபிங்கர்பிரிண்ட் வருவது நின்றதும் எடுத்துவிடுகிறேன். இப்போது எஸ்எஸ்எச் சர்டிஃபிகேட் முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். காலாவதித் தேதியோடு வரும், மறந்தாலும் தானே செத்துப்போகும். வங்கிப் பக்கம் மட்டும் புதுக் கீ கொடுக்க இன்னமும் லெட்டர்ஹெட், கையெழுத்து, முத்திரை, மூன்று வார மெயில்.