விஷம் வைக்காமல் எலியை வெளியே நிறுத்தியது: நான்கு வருட அனுபவம்

சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் முதலில் கண்ணில் பட்டது புழுக்கைதான். கறுப்பாக, அரிசி மணி அளவில், சுவரோரமாகவே வரிசை போட்டது மாதிரி கிடந்தது. அன்றைக்கே வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம்: விஷம் வேண்டாம். அதற்கு முன்பு ஒரு தடவை விஷக் கட்டி வைத்து, செத்த எலி எங்கே கிடக்கிறது என்றே தெரியாமல் பத்து நாளுக்கு மேல் நாற்றத்தோடு குடியிருந்தோம். இப்போது தவழ்கிற குழந்தை வேறு இருந்தது. எலி விஷங்களில் பல, ரத்தத்தை உறையவிடாமல் செய்து சில நாள் கழித்துத்தான் கொல்லும். இடைப்பட்ட நாளில் தள்ளாடித் திரியும் எலியைப் பூனையோ ஆந்தையோ பிடித்துத் தின்றால் அதற்கும் ஆபத்து. அந்தப் பாவம் நமக்கு எதற்கு?

முதல் சில மாதம் காசும் நேரமும் வீணாயின. சுவரில் செருகி வைக்கிற ஒலிக் கருவி ஒன்று வாங்கினேன். ஒரு வாரம் எலிச் சத்தமே இல்லை. இரண்டாவது வாரம் கருவிக்கு நேர் கீழேயே புழுக்கை. எலி அந்த ஒலிக்குப் பழகிவிடுகிறது, அதோடு அலமாரியையும் சுவரையும் தாண்டி அந்த ஒலி போவதுமில்லை. புதினா எண்ணெயில் நனைத்த பஞ்சும் அப்படித்தான், வாசனை இருக்கிற வரைக்கும்தான். பசை அட்டையை ஒரே ஒரு முறை வைத்தேன். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் நான்கு காலும் ஒட்டிக்கொண்டு, உயிரோடு கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. தயவுசெய்து யாரும் அதை வாங்காதீர்கள்.

நிலைமை மாறியது ஓட்டைகளைத் தேட ஆரம்பித்த பிறகுதான். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். அதனால் ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை உள்ளேயும் வெளியேயும் சுற்றி வந்தேன். பென்சில் போகிற இடமெல்லாம் எலி போகிற இடம் என்று கணக்கு. இரவில் உள்ளே விளக்கை எரியவிட்டு, வெளியே நின்று பின்கதவைப் பார்த்தபோது, கதவின் கீழே ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் கசிந்தது. பகலில் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியவில்லை.

பெரிய வழி சிங்குக்கு அடியில் இருந்தது. கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் பிளாஸ்டிக் வளையம் ஒன்று மூடியிருக்கும். அதைத் தள்ளிப் பார்த்தால் குழாயைச் சுற்றி என் சுண்டுவிரல் தாராளமாகப் போகிற இடைவெளி. அதன் கீழ் விளிம்பு மட்டும் எண்ணெய் தடவியது போலக் கறுத்து மினுங்கியது. எலி தினமும் உரசிப் போய் வந்து ஏற்பட்ட அழுக்கு அது. அப்புறம் எங்கே பார்த்தாலும் அந்தக் கறுப்பு மினுக்கைத்தான் தேடினேன். சந்தேகமான ஓட்டையில் காகிதத்தைச் சுருட்டி லேசாக அடைத்து வைப்பேன். காலையில் காகிதம் வெளியே தள்ளப்பட்டிருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கிற வழி.

அடைப்பதிலும் ஒரு தவறு செய்தேன். தெளித்ததும் உப்பி இறுகும் நுரையை மட்டும் அடித்தேன், ஒரு மாதத்தில் அதைக் கொறித்து வழி செய்துவிட்டது. இப்போது துருப்பிடிக்காத கம்பி நாரை இறுக்கமாகத் திணித்து, மேலே சிமென்ட் பூசுகிறேன். சாதாரண இரும்பு நார் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், சிங்குக்கு அடியில் அது வேண்டாம். காற்று போக வேண்டிய துளைகளுக்கு 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண் உள்ள கம்பி வலை. பின்கதவுக்கு அடியில் உலோகம் வைத்த பட்டை. வெறும் ரப்பர் பட்டையை ஒரு வருடத்துக்குள் மூலையில் கடித்துவிட்டது.

அடைத்த பிறகும் உள்ளே மாட்டிக்கொண்ட எலிகள் இருக்கும், பொறி அதற்குத்தான். ஒரு பெண் எலி சினையாகி மூன்றே வாரத்தில் ஐந்தாறு குட்டி போடும். வழியைத் திறந்து வைத்துவிட்டுப் பொறியை மட்டும் நம்பினால் அந்த வேகத்தோடு நம்மால் ஓட முடியாது. உயிரோடு பிடிக்கும் கூண்டைச் சுவரை ஒட்டி வைத்தேன், ஏனென்றால் எலி திறந்த வெளியில் ஓடாது. இரையாகக் கடலை மணி அளவு வேர்க்கடலை விழுது போதும். ஆனால் கூண்டைக் காலையும் மாலையும் பார்த்தே ஆக வேண்டும், மறந்தால் உள்ளேயே பட்டினியில் செத்துவிடும். அது முடியாதவர்களுக்கு நல்ல அடிப்பொறியே மேல், நொடியில் முடிந்துவிடும். ஆறு நாளில் நான்கு எலி. அதற்கப்புறம் கூண்டு காலியாகவே இருந்தது.

புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூச்சில் போகும், நோய் வரலாம். ஒரு பங்கு ப்ளீச் திரவத்தில் (பொடி அல்ல) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். தானியமெல்லாம் இப்போது கண்ணாடி ஜாடியிலும் தகர டப்பாவிலும்தான்.

நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவை திரும்ப வந்தது. குழாய் மாற்ற வந்தவர் பழைய அடைப்பை உடைத்துவிட்டு, மூடாமல் போயிருக்கிறார். மூன்றாம் நாள் அதே அலமாரியில் ஏழு புழுக்கை. அன்று மாலையே நாரும் சிமென்டும் எடுத்து அடைத்தேன், இரண்டாவது இரவு கூண்டில் ஒன்று விழுந்தது. இப்போதெல்லாம் யார் வந்து சுவரில் துளை போட்டாலும், அவர் கிளம்பியதும் பென்சிலை எடுத்துக்கொண்டு சிங்குக்கு அடியில் குனிந்துவிடுகிறேன்.