புரோக்கோலிச் சாற்று மாத்திரையும் முளைகட்டும் விதையும்: எதை வாங்கலாம்?

உயிரணுக்களைப் புற்றுநோய்க் காரணிகளிடமிருந்து காக்கும் என்ற விளம்பரத்தோடு இணையத்தில் விற்கப்படும் புரோக்கோலிச் சாற்று மாத்திரை ஒன்றையும், முளைகட்டி உண்பதற்கென விற்கப்படும் புரோக்கோலி விதையையும் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தேன். விதையை வாங்கலாம், இந்த மாத்திரைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டுமே சல்ஃபோராஃபேன் என்னும் சேர்மத்தை நம்பி விற்கப்படுபவை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலலே குழுவினர் 1992-இல் இதைப் புரோக்கோலியிலிருந்து பிரித்தெடுத்து, நச்சுகளை முறித்து வெளியேற்றும் நொதிகளை உயிரணுக்கள் கூடுதலாக உண்டாக்க இது தூண்டுவதைக் காட்டினர். இதன் மூலப்பொருளான குளுக்கோராஃபனின், முற்றிய புரோக்கோலியைவிட மூன்று நாள் முளையில் 10 முதல் 100 மடங்கு வரை இருக்கக்கூடும் என்பதை 1997-இல் அவர்களே கண்டறிந்தனர். சீனாவின் சீடோங் பகுதியில் 291 பேரிடம் 12 வாரங்கள் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், முளைப் பானம் அருந்தியவர்களின் சிறுநீரில், காற்று மாசிலுள்ள புற்றுநோய்க் காரணியான பென்சீனின் கழிவு, அருந்தாதவர்களைவிட 61 விழுக்காடு கூடுதலாக வெளியேறியது. இதனால் புற்றுநோய் வராது என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. மாத்திரையின் விளம்பரமோ அப்படித்தான் பேசுகிறது.

செடியில் சல்ஃபோராஃபேன் அப்படியே இருப்பதில்லை. நறுக்கும்போதோ மெல்லும்போதோ மைரோசினேஸ் என்ற நொதி குளுக்கோராஃபனினோடு சேர்ந்தால்தான் அது உருவாகும். நன்றாக வேகவைத்தால் நொதி அழிந்துவிடும். குடல் நுண்ணுயிரிகளும் ஓரளவு மாற்றித் தரும் என்றாலும் அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். மாத்திரைப் புட்டியில் 'புரோக்கோலிச் சாறு' என்று அச்சிட்டிருக்கிறார்களே தவிர, குளுக்கோராஃபனின் எவ்வளவு, நொதி சேர்த்திருக்கிறதா என்ற விவரம் எங்கும் இல்லை. உறையைப் பிரித்துத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சுவைத்தபோது லேசான கசப்பு மட்டுமே இருந்தது. முளையை மெல்லும்போது, நொதி வேலை செய்வதன் அடையாளமாக முள்ளங்கியைப் போல மூக்கில் ஏறும் காரம் அதில் துளியும் இல்லை.

விதை சீராக முளைத்தது. மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெண்மையாகப் படர்வது பூஞ்சையன்று, வேர்த்தூவி, அலசினால் படிந்துவிடும். பூஞ்சைக்கொல்லி தடவாத விதையா என்று கேட்டு வாங்குங்கள். நாள்தோறும் பலமுறை அலசி நீரை முழுவதும் வடியுங்கள். பச்சை முளையில் கிருமி பெருக வாய்ப்புண்டு என்பதால் கர்ப்பிணிகளும், குறிப்பாகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் இதை உண்ணக் கூடாது.

முளைகட்ட நேரமில்லாதவர்கள், வேகவைத்த புரோக்கோலியை இறக்கிச் சற்று ஆறியபின் வறுக்காத கடுகுப் பொடியைத் தூவிக் கொள்ளலாம். அதே நொதி கடுகிலும் உண்டு. எண்ணெயில் பொரிந்த தாளிப்புக் கடுகு இதற்கு உதவாது.