ஹேக்கத்தானா, ஆடுபுலி ஆட்டமா?

பெங்களூரில் எங்கள் டீம் சோர்ந்து கிடந்தபோது இரண்டையும் செய்து பார்த்தோம்.

முதலில் 24 மணி நேர ஹேக்கத்தான். அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் 2005-லிருந்து நடத்திவரும் பாணிதான்: பிடித்ததைச் செய், மறுநாள் காட்டு. புதிய யோசனைகள் வந்தன, சரி. ஆனால் பரிசு என்று வந்ததும் அதுவும் இன்னொரு டெட்லைன் ஆகிவிட்டது.

அப்புறம் ஆடுபுலி ஆட்டம். அல்சூர்க்காரர் ஒருவர் சாக்பீஸால் மேசையில் கட்டம் போட்டார். 3 புலி, 15 ஆடு, டீக்குப் பிறகு 20 நிமிடம். தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை, விஷயமே அதுதான். பர்ன்அவுட்டின், அதாவது தீராத வேலை அழுத்தத்தால் வரும் சோர்வின், அடையாளங்களாக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன மூன்றில் ஒன்று, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது. மேனேஜரின் புலியைப் புதிதாகச் சேர்ந்த பெண் அடைத்த அன்று, ஒதுங்கியே இருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். இப்போது ஒருவர் எழுதிய கோடை மற்றவர் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவிலும் அவள் தயங்காமல், "இது சரிவராதுண்ணா" என்கிறாள்.

வேலைப்பளு குறையாவிட்டால் இரண்டுமே வெறும் ஒத்தடம்தான். என் ஓட்டு ஆட்டத்துக்கு. ஹேக்கத்தான் வருடத்துக்கு ஒன்று போதும். ஆட்டத்துக்குக் காலண்டர் அழைப்பு மட்டும் அனுப்பாதீர்கள். ஒருமுறை அனுப்பினோம், நாலு பேர் 'வேறு மீட்டிங் இருக்கு' என்று மறுத்துவிட்டார்கள்.