டி.டி. ஏரியாவில் சிறுபடம் வெளியிட ஒரு விநியோக அலுவலகம்: கணக்கில் நேர்மை, ஒப்பந்தத்தில் எச்சரிக்கை

தமிழ்த் திரைப்பட வணிகம் மாநிலத்தைச் சென்னை நகரம், செங்கல்பட்டு, கோவை, மதுரை, சேலம் முதலிய ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. காவிரி டெல்டாவின் பெரும்பகுதி, டி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் திருச்சி–தஞ்சாவூர் ஏரியாவுக்குள் அடங்கும். மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமங்களில் நண்பர்கள் பணம் போட்டு எடுத்த எங்கள் படத்தை முதலில் இந்த ஏரியாவில் மட்டும் வெளியிடுவது என்று முடிவு செய்து, திருச்சியில் இயங்கும் ஒரு சிறிய விநியோக அலுவலகத்திடம் ஒப்படைத்தோம். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே முறையில் வேலை செய்யும் எந்த அலுவலகத்துக்குப் போகிறவருக்கும் இக்குறிப்பு உதவும் என்று நம்புகிறேன்.

படத்தை ஒரே விலைக்கு அவுட்ரைட்டாக வாங்குவது, எம்.ஜி. எனப்படும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுத்து எடுப்பது, கமிஷனுக்கு வெளியிட்டுத் தருவது ஆகிய மூன்று வழிகளில், முகம் தெரிந்த நடிகர் இல்லாத படத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது மூன்றாவதுதான். இதில் நட்டம் முழுவதும் தயாரிப்பாளருடையது. ஆகவே, வாங்கும் கமிஷனுக்கு விநியோகஸ்தர் என்ன செய்து தருகிறார் என்பதையே பார்க்க வேண்டும்.

இந்த அலுவலகத்தின் பெரும் பலம் ஊரறிவு. ஐப்பசியில் வெளியிட நாங்கள் ஆசைப்பட்டபோது, தீபாவளிப் படங்கள் திரையரங்குகளைப் பிடித்திருக்கும், வடகிழக்குப் பருவமழையில் கிராமத்துக் கூட்டம் வராது என்று மறுத்துவிட்டு, சம்பா அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் மாசிக்குத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மாலைக்காட்சி கேட்டு வாங்கியவர்கள், மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் மதியக்காட்சி போதும் என்றார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் இருட்டுவதற்குள் பேருந்து பிடித்து வீடு திரும்ப வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். மதியக்காட்சிகளில் பெண்கள் கூட்டமாக வந்து அமர்ந்ததைப் பார்த்தபோது அது எவ்வளவு சரியான கணிப்பு என்று விளங்கியது. திரையரங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதில் பெருமை தேடாமல், காலியாக ஓடும் காட்சிக்குத் தயாரிப்பாளர் டிஜிட்டல் திரையிடல் கட்டணம் கட்டுவதைத் தவிர்த்தார்கள். அந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் தமிழ்த் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச்சில் புதுப்பட வெளியீட்டையே நிறுத்தி வைத்தார்கள் என்பதை நினைத்தால், சிறுபடத்துக்கு அது எத்தனை பெரிய சுமை என்று புரியும்.

கணக்கு விஷயத்தில் இவர்களை முழுமனதோடு பாராட்டுவேன். ஒவ்வொரு இரவும் டி.சி.ஆர். எனப்படும் அன்றாட வசூல் அறிக்கை, ஊர்வாரியாக, காட்சிவாரியாக வந்தது. பெரிய ஊர்களில் அவர்களுடைய ரெப் எனப்படும் பிரதிநிதி திரையரங்கில் நின்று விற்ற டிக்கெட்டைச் சரிபார்த்தார். மொத்த வசூலிலிருந்து ஜி.எஸ்.டி.யும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் கழிந்து நெட் எவ்வளவு, அதில் திரையரங்கின் பங்கு போக நமக்கு வரும் ஷேர் எவ்வளவு என்பது தனித்தனிப் பத்தியில் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது; அதற்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 விழுக்காடு அப்படியே நீடிக்கிறது. இதை விளக்கி, 100 ரூபாயைத் தாண்டாத விலையில் டிக்கெட் விற்கும் திரையரங்குகளுக்கு முன்னுரிமை தந்ததும் இவர்களே.

ஆனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். டி.டி. ஏரியாவின் திரையரங்கு வெளியீட்டுக்காக மட்டும் போடும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், ஓ.டி.டி., தொலைக்காட்சி, டப்பிங் உரிமைகளும் காலவரையறையின்றி, உலகம் முழுவதற்கும் அவர்களுக்கே என்று ஒரு பிரிவு இருந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்தை 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாததை இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்கிறது. ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும் என்றும் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்பதால்தான் ஒப்பந்தத்தின் அந்தக் கடைசிப் பக்கப் பிரிவு என்னை உறுத்தியது. கேட்டவுடன் தயக்கமின்றி அதை நீக்கிக் கொடுத்தார்கள். அது வழக்கமான படிவம் என்று சொன்ன விளக்கத்தை நான் ஏற்கவில்லை. முதல் படம் எடுக்கும் இளைஞர்களிடம் இப்படிப்பட்ட படிவத்தை நீட்டவே கூடாது.

போஸ்டர், ஃப்ளெக்ஸ் செலவுக்கு முன்பணம் வாங்கியவர்கள், அதற்கான ரசீதுகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே தந்தார்கள். இறுதி செட்டில்மென்டும் ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவைக் கடந்து வந்தது. இருந்தாலும் வந்த தொகை டி.சி.ஆர். கணக்கோடு பிசகாமல் பொருந்தியது.

டெல்டாவைக் களமாகக் கொண்ட படம் வைத்திருப்பவர்களுக்கு இந்த அலுவலகத்தைப் பரிந்துரைக்கிறேன். திரையரங்கு உரிமை, டி.டி. ஏரியா மட்டும், ஓராண்டு என்று முதல் பக்கத்திலேயே எழுதச் செய்து, விளம்பரச் செலவுக்கு வாரந்தோறும் ரசீது தர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டு கையெழுத்திடுங்கள். எங்கள் அடுத்த படத்துக்கு இந்த நிபந்தனைகளோடு இவர்களிடமே பேசிக்கொண்டிருக்கிறோம்.