சைனாடவுனா, லாங் குட்பையா, நைட் மூவ்ஸா?

1973 முதல் 1975க்குள் ஹாலிவுட்டில் நான்கு டிடெக்டிவ் படங்கள் வந்தன: ராபர்ட் ஆல்ட்மனின் 'தி லாங் குட்பை', ரோமன் பொலான்ஸ்கியின் 'சைனாடவுன்', டிக் ரிச்சர்ட்ஸின் 'ஃபேர்வெல், மை லவ்லி', ஆர்தர் பென்னின் 'நைட் மூவ்ஸ்'. நான்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸ்காரன்தான் துப்பறிகிறான். எது மேல் என்றால் பெரும்பாலோர் யோசிக்காமல் சைனாடவுன் என்பார்கள். என் பதிலும் அதுதான். காரணம் மட்டும் கொஞ்சம் வேறு. (கிளைமாக்ஸைத் தொடாமல் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

முதலில் ஃபேர்வெல்லை ஓரம் வைத்துவிடலாம். சைனாடவுனுக்கு ஒளிப்பதிவு செய்த ஜான் அலோன்சோதான் இதற்கும். சைனாடவுன் 1937இல் நடக்கிறது, இது 1941இல். அதே ஊர், அதே தொப்பி, அதே மங்கல் வெளிச்சம். ராபர்ட் மிட்சமின் களைத்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவர் நடிக்கும் மார்லோ (ரேமண்ட் சாண்ட்லர் நாவல்களின் துப்பறிவாளன், லாங் குட்பையிலும் இவன்தான்) எல்லா முடிச்சையும் ஒழுங்காக அவிழ்த்துவிடுகிறான். பழைய படங்கள் மேலுள்ள ஏக்கத்தில் எடுத்த படம், அந்த ஏக்கத்தோடு முடிகிறது.

சைனாடவுனில் பலருக்கும் நினைவில் நிற்பது மூக்கறுபடும் காட்சி. கத்தியோடு வரும் குள்ள ரவுடி பொலான்ஸ்கியேதான். எனக்குப் பிடித்தது பத்திர ஆவண அலுவலகக் காட்சி. துப்பறிவாளன் கிட்டிஸாக வரும் ஜாக் நிக்கல்சன் கிளார்க்கிடம் பணிவாக ஒரு ரூலர் கேட்டு வாங்குகிறார். அதைப் பக்கத்தின் மேல் வைத்து, சத்தமாக இருமிக்கொண்டே தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்கிறார். பள்ளத்தாக்கில் நிலம் வாங்கியவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் நிலம் வாங்கியதாகச் சொல்லும் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே செத்துப்போனவர்! அதேபோல் கார் டயருக்கு அடியில் மலிவு விலைக் கடிகாரத்தை வைத்துவிட்டு வருவான். காலையில் போய் அது எத்தனை மணிக்கு நசுங்கி நின்றது என்று பார்த்தால், ஆள் எப்போது கிளம்பினான் என்று தெரிந்துவிடும்.

இப்படி வேலை தெரிந்தவனாகக் காட்டியதால்தான் அந்த முடிவு அவ்வளவு வலிக்கிறது. கிட்டிஸ் ஒவ்வொரு தடயத்தையும் சரியாகப் பிடிக்கிறான், கதாநாயகி ஈவ்லினை மட்டும் தப்பாகப் படிக்கிறான். அவளைக் கொலைகாரி என்று நினைத்துப் போலீசுக்கு முகவரி கொடுப்பவனும் அவன்தான். உண்மை தெரிந்த பிறகு, அவளுடைய அப்பனும் ஊர்த் தண்ணீரைத் திருடும் பெரும்புள்ளியுமான நோவா கிராஸை நேரில் வரவழைத்து, அவளிடம் அழைத்துப்போக வேண்டிய நிலையில் மாட்டிக்கொள்பவனும் அவன்தான். திரைக்கதை எழுதிய ராபர்ட் டவுன், ஈவ்லின் அப்பனைக் கொன்றுவிட்டு உயிரோடு இருப்பதாகத்தான் எழுதியிருந்தார். பொலான்ஸ்கி ஒத்துக்கொள்ளவில்லை, அவளைச் சாகவிட்டு கிராஸைத் தப்பவிட்டார். நல்லவேளை. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரை 1913இல் கால்வாய் வெட்டி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோன நிஜக் கதைதான் இதற்கு விதை. அங்கே ஜெயித்தது நகரம்தான். படத்தில் மட்டும் நியாயம் கிடைத்திருந்தால் ஒட்டியிருக்காது. பதினொரு ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றே ஒன்று கிடைத்தது, அதுவும் டவுனின் திரைக்கதைக்கு.

லாங் குட்பை இதற்கு நேர் எதிர். எலியட் கூல்டின் மார்லோ துப்பறிவதே அபூர்வம். படம் தொடங்கும்போது நடுராத்திரியில் பூனைக்குத் தீனி வாங்கப் போகிறான். வழக்கமான பிராண்ட் கடையில் இல்லை. வேறொன்றை வாங்கி வந்து, பழைய காலி டப்பாவில் போட்டுப் பரிமாறுகிறான். பூனை முகர்ந்துவிட்டுப் போயே போய்விடுகிறது. ஆள் எப்படிப்பட்டவன் என்று அந்தச் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடுகிறது. வில்மோஸ் சிக்மண்டின் கேமரா ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ஜான் வில்லியம்ஸின் ஒரே மெட்டு அழைப்பு மணியாகவும் வருகிறது, மெக்சிகோ சவ ஊர்வலத்திலும் வருகிறது. ஜாலியான படம் என்று கேட்டால் இதைத்தான் கைகாட்டுவேன். ஆனால் கடைசியில் மார்லோ தன்னை ஏமாற்றிய நண்பனைச் சுட்டுவிட்டு நடந்துபோகிறான். நாவலில் அப்படி இல்லை. அந்தக் குண்டு நமக்கு ஓர் ஆறுதலைக் கொடுத்துவிடுகிறது. சைனாடவுன் அதைக் கொடுப்பதில்லை.

நைட் மூவ்ஸ்தான் உண்மையான போட்டி. ஓடிப்போன பெண்ணைத் தேடும் கேஸ் பாதியிலேயே முடிந்துவிடுகிறது, அப்புறம்தான் கதையே. துப்பறிவாளன் ஹாரியாக வரும் ஜீன் ஹாக்மன் 1922இல் நடந்த ஒரு செஸ் ஆட்டத்தைக் காட்டுகிறார்: ராணியைப் பலி கொடுத்து, குதிரையை மூன்று முறை நகர்த்தியிருந்தால் வெற்றி. ஆடியவன் கவனிக்கவில்லை. ஹாரியும் அப்படித்தான், பக்கத்தில் இருப்பவர்களையே பார்க்கத் தவறுகிறான். நடிப்பில் மட்டும் என்றால் நிக்கல்சனைவிட ஹாக்மனுக்குத்தான் என் ஓட்டு. படம் சறுக்குவது குற்றத்தில். தோண்டித் தோண்டிப் போனால் கிடைப்பது பழஞ்சிலைக் கடத்தல். ஒரு நகரத்தின் தண்ணீரையே திருடுபவனுக்கு முன்னால் அது எடுபடவில்லை.

நிக்கல்சனே இயக்கி 1990இல் சைனாடவுனுக்கு இரண்டாம் பாகமும் வந்தது, 'தி டூ ஜேக்ஸ்'. அதை ஏன் இந்தப் பந்தயத்தில் சேர்க்கவில்லை என்று பார்த்தவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள்.