பிள்ளையை அவசரப்படுத்தாத மதிப்பீட்டு மையம்

என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க இந்த மையத்துக்குப் போனோம். முன்பு போன கிளினிக்கில் "லேட்டா பேசுவான், தானா சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே உளவியலாளர் மேடம் முதலில் காது பரிசோதனை ரிப்போர்ட் கேட்டார். அப்புறம் பாயில் உட்கார்ந்து காலை முழுக்க என் மகனோடு இருந்தார். ஐக்யூ ஏறக்குறைய 70-க்குக் கீழே என்பதை மட்டும் வைத்து அறிவுசார் குறைபாடு என்று முடிவு செய்ய மாட்டார்களாம். சட்டைப் பட்டன் போடுவானா, பசித்தால் எப்படிக் கேட்பான், கடையில் மீதிக் காசு வாங்கி வருவானா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மாத்திரையில் மாறுகிற விஷயமில்லை, படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வான் என்றார். பல் தேய்ப்பதையே படம் படமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒட்டிவைத்திருக்கிறோம், பேஸ்ட்டை அவனே பிதுக்குகிறான்! யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், நிராமயா என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கும் வழிகாட்டினார்கள். காத்திருக்கும் அறையில் இரைச்சல் அதிகம், அதைக் கவனிக்க வேண்டும். காலை நேரமே கேட்டு வாங்குங்கள்; மதியம் பிள்ளை சோர்ந்துவிடும்.