செருகு மீட்டர்: யூனிட்டை நம்பலாம், தொகையை நம்ப முடியாது

சுவரில் இருக்கும் பிளக் பாயின்டுக்கும் வீட்டுச் சாதனத்துக்கும் நடுவில் செருகி வைத்தால், அந்தச் சாதனம் இழுக்கும் மின்சாரத்தைச் சிறு திரையில் காட்டும் கருவி ஒன்றை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரே வார்ப்பில் வந்து பல பெயர்களில் விற்கப்படும் பொருள் என்பதால் அட்டைப்பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்பது முக்கியமில்லை. வாட், வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ் (மின்னோட்டம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது), பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலையாகிறது என்ற விகிதம்), இதுவரை ஓடிய யூனிட், அதற்கான தொகை என்று ஏழு பக்கங்கள் திரையில் மாறி மாறி வரும். இவற்றில் ஆறு பக்கங்கள் செய்யவேண்டிய வேலையைச் செய்கின்றன. ஏழாவதாக வரும் தொகைப் பக்கத்துக்காகத்தான் பெரும்பாலானோர் இதை வாங்குகிறார்கள்; இந்த மதிப்புரையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதுதான்.

முதலில் கருவியின் துல்லியத்தைச் சோதித்துப் பார்த்தேன். வீட்டு மீட்டரில் சிவப்பாகக் கண்சிமிட்டும் ஒரு சிறு விளக்கு உண்டு. ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். என் மீட்டரில் அது 1600. வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டு, கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, செருகு மீட்டர் வழியாக இணைத்துக் கொதிக்க வைத்தேன். கெட்டில் தானாக நிற்கும் வரை வீட்டு மீட்டர் 156 முறை சிமிட்டியது, அதாவது 0.0975 யூனிட். செருகு மீட்டர் காட்டியது 0.098. இந்த விலைக்கு இதைவிட நெருக்கமான விடையை யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் போன் மாட்டாத சார்ஜரை இணைத்தபோது திரை பூஜ்யம் காட்டியது. ஒன்றிரண்டு வாட்டுக்குக் கீழே இக்கருவிக்குக் கண் தெரியாது என்று வைத்துக்கொள்வது நல்லது. அணைத்த நிலையில் ஒரு வாட் இழுக்கும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி ஆண்டு முழுவதும் செருகியே இருந்தால் ஏறத்தாழ 9 யூனிட் ஓடிவிடும் என்பதால், அந்தக் குறை முற்றிலும் பொருட்படுத்தத் தகாதது என்று சொல்வதற்கில்லை.

வடிவமைப்பில் ஒரு பெரிய அசட்டுத்தனம் இருக்கிறது. கருவி சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்வதால், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் செருகினால் திரையைப் பார்க்கப் பெட்டியையே நகர்த்த வேண்டும். ஆகவே ஒரு நீட்டிப்புக் கம்பியும் சேர்த்து வாங்க வேண்டும். நினைவைக் காக்கும் பொத்தான் பேட்டரி எனக்கு வந்த கருவியில் ஆறாவது வாரமே தீர்ந்துபோனது. பத்து நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தபோது ஐந்து நிமிடம் மின்சாரம் நின்றது. திரும்பி வந்தபோது எல்லாம் பூஜ்யம். பேட்டரியை மாற்ற முடியாதபடி உள்ளேயே பற்றவைத்த வகைகளும் சந்தையில் கிடைப்பதால், வாங்குமுன் பின்புறத்தில் பேட்டரி மூடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி தொகைப் பக்கம். பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் எண்கள் மினுங்கும்; ஒரு யூனிட்டின் விலையைப் பதிய வேண்டும்; அதன்பின் ஓடிய யூனிட்டை அந்த விலையால் பெருக்கிக் காட்டும். உலகில் எந்த ஊரிலும் மின்சாரம் ஒரே விலையில் விற்கப்படுகிறது என்ற நம்பிக்கையில் இதைச் செய்தவர் செய்திருக்கிறார் போலும். உண்மையில் பில் என்பது பல அடுக்குகளால் ஆனது. மின்சாரத்தை உற்பத்தி செய்த செலவு ஒன்று. அதைக் கம்பி வழியே கொண்டுவந்து சேர்க்கும் செலவு மற்றொன்று. யூனிட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் நிலைக்கட்டணம். மேலே வரியும் தீர்வையும். சில இடங்களில் குறைவாகப் பயன்படுத்தினால் யூனிட் விலை மலிவாகவும், ஓர் எல்லையைத் தாண்டியதும் அடுத்த அடுக்குக்கு ஏறியும் இருக்கும். வேறு சில இடங்களில் மாலை நேர யூனிட் ஒரு விலை, நள்ளிரவு யூனிட் மற்றொரு விலை. இவை அத்தனையும் இடத்துக்கு இடம் மாறுவதால், கருவி காட்டும் ஒற்றைத் தொகை எந்த இடத்துக்குமே சரியாகப் பொருந்துவதில்லை.

இடத்துக்கு இடம் என்று சொல்லும்போது நாட்டுக்கு நாடு என்று மட்டும் பொருள்கொள்ள வேண்டாம். ஸ்வீடனை 2011 நவம்பரில் நான்கு விலை மண்டலங்களாகப் பிரித்தார்கள். நீர்மின் நிலையங்கள் வடக்கே ஆறுகளின் மேல் இருக்கின்றன; மக்களும் தொழிற்சாலைகளும் அதிகமாக இருப்பது தெற்கே. நடுவிலுள்ள உயரழுத்தக் கம்பிகளுக்கு ஓர் அளவுக்கு மேல் கடத்தும் திறன் இல்லாததால், வடக்கில் மின்சாரம் மலிவாகத் தேங்கிக் கிடக்கும் அதே மணி நேரத்தில் தெற்கில் விலை ஏறியிருக்கும். நார்வேயில் இப்படி ஐந்து மண்டலங்கள். அங்கே வடகோடி மாகாணங்களின் வீடுகளுக்கு மின்சாரத்தின் மீது மதிப்புக் கூட்டு வரியும் கிடையாது. பிரிட்டனில் எரிசக்திக் கட்டுப்பாட்டு வாரியம் வகுக்கும் விலை உச்சவரம்பு 14 பகுதிகளுக்குத் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. ஒரே நிறுவனத்திடம் ஒரே திட்டத்தில் இருக்கும் இரு வீடுகள் வெவ்வேறு பகுதிகளில் இருந்தால் அவற்றின் அன்றாட நிலைக்கட்டணமே வேறாக இருக்கும். விநியோகக் கம்பி நெடுந்தூரம் ஓடி, வழியில் வீடுகள் அரிதாக இருக்கும் பகுதியில் அந்தக் கம்பியின் செலவைப் பங்கிட்டுக்கொள்ள ஆட்கள் குறைவு என்பது இதற்கான காரணங்களில் ஒன்று.

தொகையை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் ஒப்பிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நானும் தொடக்கத்தில் நினைத்தேன். அதுவும் பாதிதான் சரி. இந்தக் கருவியை வாங்கியவர்கள் எழுதியிருக்கும் குறைகளைப் படித்தபோது, ஒருவர் தம் குளிர்சாதனப் பெட்டி, அதன் மின்செலவைச் சொல்லும் ஒட்டுவில்லையில் உள்ளதைவிட மிக அதிகமாக ஓடுவதாகக் காட்டுகிறது என்று கருவியைத் திட்டியிருந்தார். இன்னொருவர் குறைவாகக் காட்டுகிறது என்று திட்டியிருந்தார். இருவர் கருவியும் சரியாகவே இருந்திருக்கலாம். பெட்டிகளைச் சோதிக்கும் பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. 62552, சுற்றுப்புறம் 16 டிகிரியாக இருக்கும்போதும் 32 டிகிரியாக இருக்கும்போதும் அளக்கச் சொல்கிறது. அந்த இரு எண்களை எந்த விகிதத்தில் கலப்பது என்பதை ஒவ்வொரு பிராந்தியமும் தன் தட்பவெப்பத்துக்கு ஏற்ப முடிவு செய்துகொள்கிறது. ஒரே பெட்டிக்கு இரு பிராந்தியங்களின் ஒட்டுவில்லையில் இரு வேறு எண்கள் வருவது அதனால்தான். என் பெட்டியையே எடுத்துக்கொண்டால், சமையலறை 34 டிகிரியில் வெந்துகொண்டிருந்த வாரத்தில் நாளொன்றுக்கு 1.45 யூனிட் ஓடியது. 24 டிகிரிக்கு இறங்கிய வாரத்தில் 0.95. அதே பெட்டி, அதே வீடு, உள்ளே ஏறக்குறைய அதே பொருள்கள். வாட் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் காரணம் கண்ணுக்கே தெரியும்: இரண்டு வாரங்களிலும் கம்ப்ரசர் ஓடும்போது 110 வாட்டை ஒட்டித்தான் இழுத்தது, ஆனால் வெயில் வாரத்தில் ஓய்வு நேரம் சுருங்கிப்போயிருந்தது.

வெப்பமான இடத்தில் செலவு கூடும் என்பது தண்ணீர் சூடாக்குவதில் தலைகீழாகிறது. பதினைந்து லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். குழாயில் தண்ணீர் 10 டிகிரியில் வரும் குளிர்ப் பகுதியில் அதே பதினைந்து லிட்டருக்கு ஏறத்தாழ 0.78 யூனிட், அதாவது ஒன்றரை மடங்கு வேண்டும். ஹீட்டரின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. குறைந்த வோல்டேஜ் உள்ள பகுதியில் ஹீட்டர் குறைவான வாட் காட்டுவதைப் பார்த்து மகிழ்ந்து எழுதியவர்களும் உண்டு. வாட் குறைந்தால் சூடாகும் நேரம் நீளும், கடைசியில் யூனிட் மிச்சமாவதில்லை.

வீடு முழுவதற்கும் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு வீட்டு இணைப்பு ஆண்டுக்குச் சராசரியாக 10,791 யூனிட் வாங்கியது. தென் மாநிலமான லூசியானாவில் அது 14,774, தீவு மாநிலமான ஹவாயில் 6,178. லூசியானாவில் நீண்ட, புழுக்கமான கோடை முழுவதும் ஏசி ஓடுகிறது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் பலர் மின்சாரத்தையே பயன்படுத்துகிறார்கள். ஹவாய் மிதமான தட்பவெப்பம் கொண்டது. ஆனால் ஒவ்வொரு தீவின் மின்கட்டமைப்பும் தனித்தனியானது. பக்கத்திலிருந்து கடன் வாங்க வழியில்லை. மின்சாரத்தின் பெரும்பகுதி கப்பலில் வரும் எண்ணெயை எரித்துக் கிடைப்பது. ஆகவே யூனிட் விலை லூசியானாவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பாதிக்கும் குறைவான யூனிட் ஓட்டியும் மாதக் கட்டணத்தில் ஹவாய் வீடுதான் அதிகம் செலுத்தியது. இதில் கவனிக்கவேண்டிய இன்னொன்று, இவை மின்நிறுவனம் விற்ற யூனிட்டுகள் என்பது. கூரைமேல் சூரியத் தகடு வைத்து வீட்டிலேயே உண்டாக்கி வீட்டிலேயே செலவழித்தது இந்தக் கணக்கில் வராது. ஹவாயில் அத்தகைய கூரைகள் ஏராளம்.

எந்த எரிபொருள் எந்த வேலையைச் செய்கிறது என்பதும் யூனிட்டை ஏற்றி இறக்கும். 2023 அக்டோபரில் பிரிட்டனின் கட்டுப்பாட்டு வாரியம் சராசரி வீட்டுக்கு வைத்துக்கொண்ட அளவு, ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும், அதே கிலோவாட்-மணிக் கணக்கில் 11,500 யூனிட் எரிவாயுவும் ஆகும். மின்சாரத்தை மட்டும் பார்த்தால் சிக்கனத்தின் சிகரம் என்று தோன்றும். அறையைச் சூடாக்குவதும் குளிக்கும் தண்ணீரைச் சூடாக்குவதும் எரிவாயுவின் தலையில் விழுந்திருப்பதுதான் காரணம். நார்வே வீடுகளில் அந்த வேலை பெரும்பாலும் மின்சாரத்தின் மீது விழுகிறது. நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு நீர்வீழ்ச்சியிலிருந்து வருவதால் அந்தப் பழக்கம் அங்கே வேரூன்றியது. இரண்டு வீடுகளின் யூனிட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவர் வீணாக்குகிறார் என்று தீர்ப்புச் சொல்வது, ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் எடை பார்த்துக்கொண்டு யார் பருத்தவர் என்று வாதிடுவதைவிட மோசம்.

ஹெர்ட்ஸ் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான நாடுகளில் அது 50 அல்லது 60 என்று ஒரே எண்ணில் நின்றுவிடும். யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். ஜப்பானில் மட்டும் கிழக்கே 50, மேற்கே 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மானிய ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதன் எச்சம் அது. இக்கருவி இரண்டையும் ஏற்கும். ஆனால் வோல்டேஜ் விஷயத்தில் அப்படியில்லை. 230 வோல்ட்டுக்குச் செய்த மாதிரியை 100 அல்லது 120 வோல்ட் பகுதிக்கு எடுத்துச் செல்லுமுன் பின்புற வில்லையைப் படிக்க வேண்டும்.

அப்படியானால் தொகைப் பக்கத்தை எப்படித்தான் பயன்படுத்துவது? அடுக்குக் கட்டணம் உள்ள பகுதியில் இருப்பவர், பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையைப் பதிந்தால் ஏமாந்துபோவார். பழைய ஏசியை நிறுத்தினால் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி என்றால், பில்லில் கடைசியாகத் தொட்ட அடுக்கின் விலையைத்தான் பதிய வேண்டும். குறைக்கும் யூனிட் அந்த மேலடுக்கிலிருந்துதான் முதலில் கழியும். நிலைக்கட்டணத்தைச் சேர்க்கவே கூடாது, ஏனெனில் எதை நிறுத்தினாலும் அது குறையாது. நேரத்துக்கு நேரம் விலை மாறும் பகுதியில் இருப்பவருக்கு இந்தப் பக்கத்தால் பயனில்லை; இரண்டு விலைகள் பதியக்கூடிய மாதிரிகள் இருந்தாலும், மணிக்கு மணி விலை மாறும் சந்தையில் அவையும் கைவிரித்துவிடும்.

சுவருக்குள் நேராக இணைத்த ஏசி, பெரிய வாட்டர் ஹீட்டர், மும்முனை மோட்டார் ஆகியவற்றை இக்கருவியால் அளக்க முடியாது. அதிகபட்சமாக 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், மணிக்கணக்கில் ஓடும் பெரிய ஹீட்டரை அதன் வழியாக விட எனக்கு மனம் வரவில்லை. அரை மணி ஓடியதற்கே உறை கைபொறுக்காத சூடாகியிருந்தது. அத்தகைய சாதனங்களை அளக்க, மெயின் கம்பியைச் சுற்றிக் கவ்வும் வகை மீட்டர்தான் வேண்டும். அதை மின்பணியாளர்தான் பொருத்த வேண்டும். ஃப்ரிட்ஜ், சலவை இயந்திரம், கணினி, ரவுட்டர் போன்றவை எவ்வளவு இழுக்கின்றன என்று அறிய விரும்புபவர் தாராளமாக வாங்கலாம். எட்டு வாட் ரவுட்டர் மாதத்துக்கு ஆறு யூனிட்டை ஒட்டி ஓட்டுகிறது என்பது இந்தக் கருவி இல்லாமல் எனக்குத் தெரிந்திருக்காது.

என் கருவியில் யூனிட் விலை இப்போது 1.00 என்று பதிந்திருக்கிறேன். ஆறாம் பக்கமும் ஏழாம் பக்கமும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன.